வெளிக்கிட நாலு நிமிசம்

அந்தச் சிவப்புக் காருக்குக் கடைசியில் புதுப் பற்றறி போட்டவன் நான்தான். ஆனால் போட்ட அன்று அது அவருடைய கார் இல்லை. கொழும்பிலிருந்து வந்த ஒருவர் அதை வாங்கியிருந்தார். சாவியைத் திருப்பியதும் முதல் அடியிலேயே கார் உறுமிக்கொண்டு எழும்பியது. வாங்கியவர் கைகொட்டிச் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது. அந்தச் சத்தத்துக்காக ஒரு மனிதர் எட்டு மாதம் என் கடை வாசலில் காத்திருந்தார் என்று அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துதான் என்ன செய்யப் போகிறார்?

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஊரில் பாதிப்பேர் சிரிப்பார்கள். நானும் ஒரு காலத்தில் சேர்ந்து சிரித்தவன்தான். அண்ணை என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் அண்ணை என்றே வைத்துக்கொள்கிறேன். கார் விற்ற கையோடு குடும்பத்தை அழைத்துக்கொண்டு மட்டக்களப்புப் பக்கம் போய்விட்டார். மகள் அங்கே படிக்கிறாள் என்று கேள்வி. எனக்கு ஒருமுறை தொலைபேசி எடுத்தார், சுகம் விசாரித்தார், வைத்துவிட்டார்.

திருகோணமலையில் உட்துறைமுக வீதியில் எனக்கு ஒரு சின்னக் கடை. வாகனங்களுக்கு வயர் வேலை செய்வது, பற்றறி விற்பது, செத்த பற்றறிக்குச் சார்ஜ் ஏற்றுவது, இவ்வளவுதான் தொழில். அவர் முதல்முறை கடைக்கு வந்தபோது வந்த விஷயத்தைச் சொல்லவில்லை. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தம்பி, இந்தக் கடைக்குப் பின்பக்கத்தால வழி இருக்கோ?" என்று கேட்டார்.

களவெடுக்க வந்தவன் இப்படி வெளிப்படையாகக் கேட்கமாட்டான், வரி அறவிட வந்தவனுக்கு இது தேவையில்லை. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இல்லை அண்ணை, பின்னால மதில்."

"அப்ப சரி" என்று சொல்லி, நான் போட்டுக் கொடுத்த கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில் வைத்துவிட்டு, வீதியைப் பார்த்தபடி உட்கார்ந்தார். அதற்குப் பிறகுதான் பேச்சு.

எங்கே போனாலும் அவர் அப்படித்தான். கலியாண வீட்டில் பந்தியின் கடைசி இலை, கதவோரம். கோயிலில் செருப்பை எல்லோரும் கழற்றுகிற குவியலில் விடமாட்டார், தனியாக ஒரு மூலையில் வீதியைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே போவார். பஸ்ஸில் இருக்கை இருந்தாலும் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நிற்பார். இரவில் சாரம் கட்டிக்கொண்டு படுக்காத ஒரே ஆம்பிளை இந்த ஊரில் இவர்தான் என்று அவருடைய மனைவியே, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார். நீளக் காற்சட்டையோடு, பெல்ட்டும் கட்டிக்கொண்டு தூங்குவாராம். எந்த விஷயத்தைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி கிளம்புவதைப் பற்றித்தான்: "வெளிக்கிட எத்தினை நிமிசம்?"

துறைமுகப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் பொறுப்பாளராக வேலை. அளவான சம்பளம், அடக்கமான மனிதர், குடிப்பதில்லை, சீட்டு விளையாடுவதில்லை. அப்படிப்பட்டவர் ஒருநாள் காணித்துண்டு ஒன்றை விற்று ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? நிலாவெளியில் கடலுக்கடியில் சுழியோடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரன் நாடு திரும்பும்போது விற்ற கார் அது. சிவப்பு நிறம், தரையோடு தரையாகப் பதிந்த உடம்பு, திறந்து மூடக்கூடிய கன்வஸ் கூரை. உள்ளே இரண்டே இரண்டு கதிரைகள். எங்கள் வீதிகளில் இருக்கிற குழிகளுக்கு அந்தக் காரின் வயிறு கிழிந்துவிடும். வயது போன நேரத்தில் இவருக்கு என்ன கிளுகிளுப்பு என்று கடைகளில் கதைத்தார்கள். நானும் கதைத்தேன்.

அதில் ஏறி அவர் உலாப் போனதை யாரும் பார்க்கவில்லை. கார் வீட்டு முற்றத்திலேயே நின்றது, மூக்கு படலையைப் பார்த்தபடி. தினமும் காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்வார். பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துவார். துணியால் துடைப்பார். தாங்கியில் எப்போதும் பாதிக்குக் குறையாமல் பெற்றோல் இருக்கும். காணி உறுதி, பிறப்புச் சாட்சிப்பத்திரங்கள், மகளின் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள், நகை, எல்லாம் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி டிக்கிக்குள் இருக்கும். முன்பு சண்டைக்கால இடம்பெயர்வு ஒன்றில் கடதாசி எல்லாம் எரிந்துபோய், தான் பிறந்ததை நிரூபிக்கவே அவர் வருடக்கணக்காகக் கந்தோர் கந்தோராக அலைந்தவராம். அந்தக் கதையை அவர் சொல்லும்போது நானும் சிரிக்கவில்லை.

போயா நாட்களில், அதாவது பௌர்ணமிகளில்தான் வேடிக்கை. விடுமுறை என்பதால் அயலவர் எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். காலைச் சாப்பாடு முடிந்ததும் அண்ணை முற்றத்தில் நின்று, கையில் மணிக்கூட்டோடு, "வெளிக்கிடுங்கோ!" என்று ஒரு சத்தம் போடுவார். அவ்வளவுதான். அக்கா குசினியில் எதைச் செய்துகொண்டிருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவர வேண்டும். மகள் எங்கிருந்தாலும் ஓடிவர வேண்டும். அக்கா ஓட்டுநர் கதிரையில், மகள் பக்கத்துக் கதிரையில், பெல்ட் போட்டு, கார் ஸ்டார்ட்டாக வேண்டும். இவர் படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்பார். நாலு நிமிடத்துக்குள் முடிந்தால் முகத்தில் ஒரு நிம்மதி. முடியாவிட்டால் இன்னொருமுறை. இதற்கென்றே அக்கா கார் ஓட்டப் பழகி லைசன்ஸ் எடுத்தவர். ஏழெட்டு வயதில் மகளுக்கு அது விளையாட்டாக இருந்தது. பதினைந்து வயதில் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்க்கிற முகங்களைக் காண வெட்கப்பட்டு, முகத்தைத் துவாயால் மூடிக்கொண்டு கதிரையில் இருப்பாள்.

ஒரு போயா நாளில் நான் ஒரு வயர் மாட்ட அங்கே போயிருந்தேன். ஒத்திகை முடிந்து எல்லோரும் இறங்கியபிறகு, கேலியாகத்தான் கேட்டேன்.

"அண்ணை, காருக்கை ரெண்டு கதிரைதானே. நீங்கள் எங்க இருப்பீங்கள்?"

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "நான் கேற்றைத் திறக்க வேணுமே தம்பி" என்றார்.

நான் சிரிக்க வாய் எடுத்து அப்படியே நிறுத்திவிட்டேன். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. அவருடைய கணக்கில் தனக்கென்று ஒரு கதிரை இருந்ததே இல்லை. தேத்தண்ணி கொண்டுவந்த அக்கா அதைக் கேட்டுவிட்டார். அண்ணை கை கழுவக் கிணற்றடிக்குப் போனதும் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "போயாவுக்குப் போயா இந்த மனிசன் என்னை ஒருக்கா விதவையாக்கிறார். உங்களுக்கு எல்லாம் அது பகிடி."

தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு வயரை மாட்டப் போனேன்.

கடல் திரும்பவும் ஊருக்குள் வரும் என்றுதான் இந்த ஒத்திகை எல்லாம். கடலுக்கு இவ்வளவு பயம் என்றால் உள்ளுக்குப் போய் வீடு கட்ட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். யன்னலைத் திறந்தால் கோணேசர் மலை தெரிகிற வீடு அது. கடல் இரைச்சலில் பேச்சே கேட்காது. அன்புவழிபுரத்தில் அக்காவின் தாய்வீட்டுக் காணியே சும்மா கிடந்தது.

"போகலாம்தான். ஆனா அங்கயும் என்னவோ ஒண்டு வரும். இங்க எண்டா என்ன வரும் எண்டு எனக்குத் தெரியும்" என்றார்.

பற்றறி தளரத் தொடங்கியது, நாடு கடனில் முறிந்து சனம் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில். காலை ஆறு மணிக்கு ஸ்டார்ட் செய்யும்போது இழுத்து இழுத்து, இருமி இருமித்தான் எழும்புகிறது என்று பதறிக்கொண்டு வந்தார். நான் போய் முன் மூடியைத் திறந்து பற்றறியைத் தேடினால் காணவில்லை. "டிக்கியில, தம்பி" என்றார். பாரம் சமனாக இருக்க வேண்டும் என்று அந்தக் காரைச் செய்தவர்கள் பற்றறியைப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். டிக்கிக்குள் வாயு நிற்கக்கூடாது என்று அதற்கு ஒரு குழாய் வேறு, வெளியே போகிறது. எங்கள் ஊரில் கிடைக்கிற பற்றறிகள் எல்லாம் அந்தக் குழிக்குள் இறங்காத உயரம். லோட் மீற்றர் வைத்துப் பார்த்தேன். முள் சரிந்து விழுந்தது. பற்றறியைக் கொன்றது யார் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

"அண்ணை, நீங்கள்தான் இதைச் சாகடிச்சனீங்கள்."

"நானோ? நாள் தவறாமல் ஸ்டார்ட் பண்ணுறன்!"

"அதுதான் பிழை. ஒருக்கா ஸ்டார்ட் அடிக்க பற்றறியில இருந்து போறதைப் பத்து நிமிசம் சும்மா நிண்டு ஓடினாத் திருப்பி ஏத்த ஏலாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சு குறைஞ்சுதான் போகும். கிழமைக்கு ஒருக்கா நிலாவெளி மட்டும் ஓடிப்போட்டு வாங்கோ. எல்லாம் சரியாகும்."

"ஓடினாப் பெற்றோல் குறையும்" என்றார். அந்த மனிதரிடம் இதற்கு மேல் என்ன பேசுவது? காரைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து வருடக்கணக்காக ஒவ்வொரு காலையும் அதன் உயிரைக் கரண்டி கரண்டியாக எடுத்திருக்கிறார். இந்த நாட்டில் இவரைப்போல ஓடுவதற்கு ஆயத்தமாக இருந்தவரும் இல்லை, இவரைப்போல ஓடாமல் இருந்தவரும் இல்லை.

அந்தப் பற்றறிக்காக நான் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தை முழுக்க ஆட்களை விட்டுத் தேடினேன். இறக்குமதி நின்றுவிட்டது, இருப்பு இல்லை, வந்தால் சொல்கிறோம். இதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். அண்ணை வேலை முடிந்ததும் தினமும் என் கடைக்கு நடந்து வந்தார். வாசற்படிக் கதிரையில் உட்காருவார். "வந்திட்டுதோ?" என்பார். "இல்லை அண்ணை." எழும்பிப் போவார். எட்டு மாதம். முகம் வற்றிப் போனது, கன்னம் உட்குழிந்தது. நித்திரை இல்லை என்று அக்கா சொன்னார். கார் ஒருநாள் எழும்பும், ஒருநாள் எழும்பாது. எழும்பாத நாட்களில் வேலைக்குப் போகாமல் முற்றத்திலேயே நிற்பாராம்.

எனக்கும் அவர்மேல் கோபம் இருந்தது. மறைக்க விரும்பவில்லை. அந்த நாட்களில் என் மோட்டார் சைக்கிள் பெற்றோல் இல்லாமல் கடைக்குள் சாய்ந்து கிடந்தது. பாதித் தாங்கி பெற்றோலோடு அவருடைய கார் முற்றத்தில் நிற்கிறது, நான் லிங்கநகரிலிருந்து கடைக்கும் கடையிலிருந்து வீட்டுக்கும் வெயிலில் நடக்கிறேன். வெட்கத்தை விட்டு ஒருமுறை இரண்டு லீற்றர் கேட்டேன். "அது பிள்ளையின்ர பெற்றோல், தம்பி. தர ஏலாது" என்றார். நான் அவருக்காகத் தொலைபேசியில் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! அன்று அவர் கதிரையில் உட்கார்ந்தபோது நான் முகம் கொடுக்கவில்லை.

கடைசியில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. பற்றறியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்து, ஆறுதலாக, நீண்ட நேரம் சார்ஜ் ஏற்ற வேண்டும். அப்படிச் செய்தால் இன்னும் இரண்டு மூன்று மாதம் தள்ளும். ஆனால் கார் ஒருநாள் முழுக்கப் பற்றறி இல்லாமல் நிற்க வேண்டும். அந்த ஒருநாளுக்கு மாற்றி வைக்கக் கடையில் ஒரு பழைய பற்றறிகூட இல்லை. மின்வெட்டு நேரத்தில் வீட்டில் ஒரு லைற் எரிக்க, ஒரு மின்விசிறி ஓட்ட என்று இருந்ததையெல்லாம் சனம் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் மாட்டேன் என்றே நின்றார். அப்போதுதான், வாசற்படியில் உட்கார்ந்து வீதியைப் பார்த்தபடி, அந்தக் கதையைச் சொன்னார்.

"சுனாமி அலை வந்த அண்டு எங்களிட்ட ஒரு பழைய வான் இருந்தது. மனிசி பிள்ளைத்தாச்சி, தாய்வீட்டில. வீட்டில நானும் அம்மாவும்தான். அம்மாவுக்கு நடக்க ஏலாது. சனம் கத்திக்கொண்டு ஓடுது. நான் அம்மாவை வானுக்கை ஏத்திப்போட்டுச் சாவியைத் திருப்புறன், டிக் டிக் எண்டுது. பற்றறி போயிட்டுது. திருப்பித் திருப்பி அடிக்கிறன். இறங்கித் தள்ளிப் பாக்கிறன். திரும்ப ஏறி அடிக்கிறன். பிறகு தண்ணி வந்திட்டுது. நான் ஒரு மதிலில மாட்டுப்பட்டுக் கிடந்தனான். அம்மா வானுக்கை."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன்.

"ஒரு நல்ல பற்றறி இருந்திருந்தா, தம்பி" என்றார்.

இத்தனை வருடமாக நான் சிரித்த சிரிப்பெல்லாம் அன்று எனக்குள் கசந்தது. அதனாலேயே எப்படியாவது இவருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட வேண்டும் என்று துடித்தேன். "ஒரே ஒரு நாள்தான் அண்ணை. காலமை எட்டு மணிக்குக் கழட்டுறன், பின்னேரம் கொண்டுவந்து பூட்டுறன். என்னை நம்புங்கோ" என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அவர் எழும்பிக் கதிரையை உள்ளே கொண்டுவந்து வைத்துவிட்டு, "சரி, உம்மை நம்பித் தாறன்" என்றார்.

சொன்னபடி எட்டு மணிக்குக் கழற்றினேன். அந்த வழியால் போன ஒரு சைக்கிள்காரரின் கரியரில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்து சார்ஜ் போட்டேன். ஒன்பதரைக்கு மின்சாரம் போனது. பத்தரை மணியிருக்கும், வீதியில் ஒரு இரைச்சல். எட்டிப் பார்த்தால் சனம் ஓடுகிறது. பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, சிலர் ஒற்றைச் செருப்போடு, எல்லோரும் மேடான உவர்மலைப் பக்கம். "கடல் வருதாம்! கடல் வருதாம்!" இந்தோனேசியாப் பக்கம் நிலம் ஆடியதாம் என்று யாரோ யாருக்கோ தொலைபேசியில் சொன்னார்களாம். அது பொய்யா மெய்யா என்று விசாரிக்க யாருக்கு நேரம்? இந்த ஊரில் அந்தச் சொல் கேட்டால் கால் தானாக ஓடும்.

என் மனைவியும் பிள்ளைகளும் அன்று அன்புவழிபுரத்தில் ஒரு சடங்கு வீட்டில் நின்றார்கள். அது கடலுக்குத் தள்ளி உள்ளுக்கு, பயமில்லை. நானும் உவர்மலைக்கு ஓடியிருக்கலாம், பத்து நிமிடத்தில் ஏறியிருப்பேன். ஆனால் என் கண்ணுக்கு முன்னால் மேசையில் அந்தப் பற்றறி இருந்தது. அவருடைய காரின் உயிரை நான் கழற்றிக்கொண்டு வந்து வைத்திருக்கிறேன். அவருக்குத் தொலைபேசி எடுத்தேன், இணைப்புக் கிடைக்கவில்லை. ஸ்பேனரைச் சட்டைப் பைக்குள் போட்டேன். பற்றறியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் ஓடினேன்.

வீரம் என்று நினைக்காதீர்கள். பயந்துகொண்டுதான் ஓடினேன். எதிரே வந்த சனம் என்னை இடித்துக்கொண்டு போனது. "விசரோ உனக்கு? அங்க எங்க போறாய்?" என்று ஒரு கிழவர் என் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு ஓடினேன். தோள் எரிந்தது, நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். இரண்டு இடத்தில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பத் தூக்கினேன். அவருடைய ஒழுங்கைக்குத் திரும்பியபோது அங்கே ஒரு குருவி இல்லை. கடல் தெரிந்தது. அது அமைதியாகக் கிடந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவர்கள் எப்போதோ போயிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். போகவில்லை. படலை அகலத் திறந்திருந்தது. அண்ணை அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். காருக்குள், ஓட்டுநர் கதிரையில் அக்கா, பக்கத்தில் மகள், இருவரும் பெல்ட் போட்டபடி. பற்றறி இல்லாத காருக்குள் இருபது நிமிடமாக அப்படியே இருந்திருக்கிறார்கள். அக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

"சொன்னனான்தானே, தம்பி கொண்டுவருவார் எண்டு!" என்று அண்ணை கத்தினார். அவருடைய கண்ணில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க எனக்கு விசர் பிடிக்கும்போல இருந்தது. நான் வருவேன் என்றுதான் இவர்களை இங்கே இருத்தி வைத்திருக்கிறார். நான் வராமல் விட்டிருந்தால் நடந்தாவது போயிருப்பார்களோ என்னவோ!

டிக்கியைத் திறந்து, பத்திரப் பையை மண்ணில் தூக்கிப்போட்டுவிட்டு, இருவருமாகப் பற்றறியை இறக்கினோம். அவசரத்தில் ஸ்பேனர் இரண்டுமுறை விழுந்தது. பூட்டி முடித்ததும் அவர் படலைக்குத் திரும்பி ஓடி, "அடி!" என்று சத்தம் போட்டார். அக்கா சாவியைத் திருப்பினார். டிக். முன்பலகை வெளிச்சம் மங்கி அணைந்தது.

"இன்னொருக்கா!"

டிக் டிக் டிக்.

"அண்ணை, கரண்ட் போயிட்டுது. ஒன்றரை மணித்தியாலம்கூடச் சார்ஜ் ஏறேல்லை. இது எழும்பாது. விடுங்கோ, நடப்பம்" என்றேன்.

"இன்னொருக்கா, தம்பி. ஒரே ஒருக்கா." படலையை விட்டுவிட்டு ஓடிவந்து, திறந்திருந்த கதவுக் கண்ணாடி வழியால் கையை நுழைத்து, அக்காவின் கைக்கு மேல் தன் கையை வைத்துச் சாவியைத் திருப்பினார். டிக். திருப்பினார். டிக். "நீங்கள் தம்பியோட நடவுங்கோ. நான் இதை எழுப்பிக்கொண்டு பின்னால வாறன்."

"நீங்கள் வராம நான் போகமாட்டன், அப்பா" என்று மகள் கத்தினாள். பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போ பிள்ளை! கடைசியா ஒருக்கா அடிச்சாப் பத்தும். அண்டைக்கும் இன்னும் ஒருக்கா அடிச்சிருந்தா அந்த வான் பத்தியிருக்கும்!"

அப்போது அக்கா சாவியிலிருந்து தன் கையை இழுத்துக்கொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"அண்டைக்கு நீங்கள் சாவியைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். மாமியைப் பிடிக்கேல்லை" என்றார்.

அவருடைய கை சாவியிலேயே இருந்தது. திருப்பவில்லை. பதினேழு வருடமாக அக்கா அதை வாய்க்குள் வைத்திருந்திருக்கிறார். சொன்ன அடுத்த நொடியே வாயைப் பொத்திக்கொண்டு விம்மத் தொடங்கினார். மகள்தான் முதலில் பெல்ட்டைக் கழற்றினாள். சுற்றிவந்து தகப்பனின் கையைச் சாவியிலிருந்து விரல் விரலாக எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நடவுங்கோ அப்பா" என்றாள்.

நடந்தோம். ஓடவில்லை, ஓடுகிற நிலையில் அவர் இல்லை. பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. முதுகு முழுக்கக் காதாக இருந்தது. பத்திரப் பை முற்றத்து மண்ணில் கிடந்தது. ஒருவரும் அதை எடுக்கவில்லை.

உவர்மலையில் கோயில் திருவிழாபோலக் கூட்டம். நின்றோம், இருந்தோம், கடலைப் பார்த்தோம். ஒரு மணித்தியாலம் போனது. ஒன்றும் வரவில்லை. பிறகு பொலிஸ் வாகனம் ஒன்று வந்து, அது வதந்தி, வீட்டுக்குப் போங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தது. சனம் சிரித்தது, ஒருவரையொருவர் பகிடி பண்ணியது, யாரோ ஒரு வீட்டுக்காரர் வாளியில் தேத்தண்ணி கொண்டுவந்து ஊற்றினார். மெல்ல மெல்ல இறங்கத் தொடங்கினார்கள்.

நாங்கள் இறங்கவில்லை. அக்கா சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் மகளின் மடியில் தலையை வைத்து அழுதுகொண்டிருந்தார். சொல்லியிருக்கக்கூடாது, சொல்லியிருக்கக்கூடாது என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அண்ணை என் பக்கத்தில் ஒரு கல்லில் இருந்தார். என் சட்டையின் தோள் கிழிந்து, தோல் உரிந்திருந்ததை அப்போதுதான் கவனித்தார்போலும். விரலால் மெல்லத் தொட்டுப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பற்றறி எத்தினை கிலோ வரும்?"

"பதின்மூண்டு வரும் அண்ணை."

"உம்மட கடையில இருந்து எங்கட வீடு எவ்வளவு தூரம்?"

"ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைய."

"இடையில இறக்கி வச்சனீரோ?"

"ரெண்டு தரம் வச்சனான். பிறகு திரும்பத் தூக்கினனான்."

அவர் தலையை ஆட்டினார். கீழே வீடுகளையும் வீதியையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய உதடு எதையோ கணக்குப் பார்ப்பதுபோல அசைந்தது.

"எங்கட படலையில இருந்து மதகு முந்நூறு மீற்றர்" என்றார். "மதகுக்கு அங்கால அண்டைக்குத் தண்ணி வரேல்லை."

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா முப்பத்தெட்டுக் கிலோ, தம்பி. கிளினிக் கொப்பியில எழுதிக் கிடந்தது."